இருநூற்றுப் பதினாறாம் நாளின் இரண்டு வரிகள்

1

இந்தக் கதை ஒரு வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துக் கேலி செய்வதைவிட அது மேல்.

என் மூன்றாவது கவிதைத் தொகுப்பு முந்நூறு பிரதிகள் அச்சாகி ஆறு அட்டைப்பெட்டிகளில் வீட்டுக்கு வந்தது. மாடிக்குத் தூக்கும்போது இரண்டு பெட்டிகளின் அடிப்பக்கம் பிரிந்து, புத்தகங்கள் படிக்கட்டு முழுக்கக் கொட்டின. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஒன்றை எடுத்து, புரட்டிக்கூடப் பார்க்காமல் என் கையில் கொடுத்து, "பாத்து சார், யாராவது வழுக்கி விழுந்துடப் போறாங்க" என்றார். அந்தத் தொகுப்புக்கு இன்றுவரை வந்த ஒரே விமர்சனம் அதுதான்.

கோபத்தைக் கவிதைமேல் காட்ட முடியாது, பெட்டிமேல் காட்டலாம். பெட்டியில் அச்சிட்டிருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலைக்குப் புகார் சொல்லக் கிளம்பினேன். கேட்டில் காவலாளி என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். ஷிப்ட் மாறும் நேரம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை முன்னால் நின்று நின்று போனார்கள். ஒருவர் உதடு அசைய வாசித்தார். ஒரு பெண் வாசித்துவிட்டுச் சிரித்து, பின்னால் வந்தவளின் தோளைத் தட்டி அவளையும் வாசிக்கவைத்தாள். பலகையில் சாக்கட்டியால் இரண்டே வரி:

செவியடைப்பான் போட்டுக்கொள்.
வீட்டில் ஒரு குழந்தை மெதுவாகத்தான் பேசும்.

பத்து நிமிடத்தில் இருநூறு பேர். மூன்று ஷிப்டும் சேர்த்தால் அறுநூறு. என் மூன்று தொகுப்புகளையும் சேர்த்து வாசித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதிப் பேர் உறவுக்காரர்கள்.

"யாருங்க இத எழுதுறது?" என்று கேட்டேன்.

"போர்டு அக்கா" என்றார் காவலாளி, சூரியன் எங்கே உதிக்கும் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து.

பெட்டியைப் பற்றிப் புகார் சொல்ல மறந்தே போய்விட்டேன்.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

"அவள் கையில் சாக்கட்டி ஒரு" — வேண்டாம். ஒரு என்ன? உவமை தேடிப் போனால் இரண்டு நாள் ஓடிவிடும்.

"மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்" — மழை பெய்தால் சாக்கட்டி எழுத்து கரைந்துவிடும். கதை அங்கேயே முடிந்துவிடும்.

"கலை என்பது சமுதாயத்தின்" — இப்படித் தொடங்கிய எதையும் நான் முழுதாக வாசித்ததில்லை. நீங்களும் வாசித்திருக்கமாட்டீர்கள், மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். அவள் அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் தாமதம், யாருக்கு விடுப்பு என்று பதிவேட்டில் குறிப்பது வேலை. கணவர் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், அவள் கேட்டில் உள்ள பலகையில் ஒரு பாதுகாப்பு வாசகம் எழுதவேண்டும். அந்தப் பலகையின் மேல்பகுதியில் "விபத்தின்றிக் கடந்த நாட்கள்" என்று பெயின்ட் எழுத்து இருக்கும். அதற்குக் கீழே மூன்று கொக்கிகளில் எண் தகடுகள் தொங்கும். தினமும் காலை ஆறு மணிக்குக் காவலாளி ஒன்றைக் கூட்டி மாட்டுவார்.*

(அவர் என்று எழுதினால் என் கதையில் அவர் ரொம்பத் தூரமாகப் போய் நின்றுகொள்கிறார். அவள் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று நேரிலேயே கேட்டேன். "எப்படி வேணா எழுதுங்க சார், வயச மட்டும் போட்டுடாதீங்க" என்றார். போடவில்லை.)

* ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும். திங்கட்கிழமை இரண்டாகக் கூட்டுவார். "ஆளே இல்லாத நாள்ல விபத்து எப்படிண்ணே நடக்கும்?" என்று அக்கா அவரை அடிக்கடி வம்புக்கு இழுப்பாள். "அதனாலதாம்மா அது நல்ல நாளு" என்பார் அவர்.

3

அவள் கவிதை எழுதக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். நான் மூன்று தொகுப்பு போட்டும் கற்காததை அவள் ஒரு ஜன்னலில் நின்று கற்றுக்கொண்டாள். பொறாமை இருக்கிறது, ஆனால் இப்போது அது மரியாதையாகிவிட்டது.

பலகை எழுதும் வேலை வந்தது கையெழுத்தால்தான். பாதுகாப்பு அதிகாரி ஒருநாள் அவளுடைய பதிவேட்டைப் பார்த்து, "முத்து முத்தா எழுதுறீங்களேம்மா, போர்டையும் பாத்துக்கோங்க" என்று தள்ளிவிட்டுப் போய்விட்டார். நிறுவனம் கொடுத்த வாசகங்கள் ஆறு மாதத்தில் தீர்ந்தன. பிறகு அவளே எழுதினாள்.

கையுறை அணிவோம் கவனமாய் இருப்போம்
கடமையைச் செய்து களிப்புடன் வாழ்வோம்

அதிகாரி எதுகை மோனையெல்லாம் பிரமாதம் என்றார். (மோனை இருக்கிறது. எதுகை இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.)

ஒரு திங்கட்கிழமை முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் தொலைபேசி மணி அடித்தது. ஓடினாள். வந்த வேலையில் பலகை மறந்துபோயிற்று. சனிக்கிழமைதான் நினைவு வந்தது. ஆறு நாள் பாதி வாசகம் தொங்கியிருக்கிறது. அறுநூறு பேரில் ஒருவர்கூட "மீதி எங்கக்கா?" என்று கேட்கவில்லை.

"மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு சார்" என்றாள் என்னிடம். "அன்னிக்குதான் நான் எழுத ஆரம்பிச்சேன்னு வைங்களேன்."

ரோஷத்தில் அடுத்த வாரம் நிலவும் பூவும் தென்றலுமாக எட்டு வரி எழுதினாள். "யாருக்குக்கா பிறந்தநாள்?" என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று கவனித்தாள். கேட்டுக்குள் நுழைந்து பலகையைத் தாண்டிப்போக ஒரு ஆளுக்கு ஏழு தப்படி ஆகிறது. ஏழு தப்படி நடப்பதற்குள் வாசிக்க முடிவது இரண்டு வரி. ஆகவே இரண்டு வரி. காலையில் வருகிறவனுக்கு அறிவுரை பிடிக்காது. ஆகவே அறிவுரை கிடையாது. "செய்வோம், இருப்போம்னு எல்லாரையும் சேத்துக் கூப்பிட்டா யாருமே திரும்ப மாட்டாங்க சார். ஒரே ஒருத்தர்கிட்ட சொல்ற மாதிரி எழுதணும். அப்ப ஆளாளுக்கு நம்மளதான் சொல்றாங்கன்னு நிப்பாங்க."

இதைக் கேட்டதும் என் பையிலிருந்த நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். கவிதைப் பட்டறைகளில் மூன்று நாள் உட்காரவைத்துச் சொன்னது இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை இதை எழுதினாள்:

வீட்டுக்குப் போகுமுன் எண்ணிப் பார்.
வந்தபோது பத்து இருந்தது.

வெட்டும் மெஷின்கள் உள்ள இடத்தில் பத்து என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. வாசித்த ஒவ்வொருவரும் தன் கைகளைப் பார்த்தார். சிலர் மூடித் திறந்து பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே சைக்கிள்களும் ஆட்களும் தேங்கி நின்றன. காவலாளி மூச்சு வாங்க டைம் ஆபீஸுக்கு வந்தார்.

"ஏம்மா, நீ என்னத்த எழுதி வச்ச? எல்லாம் கைய விரிச்சிட்டு நிக்குதுங்க. கேட்டே அடைச்சுக்கிச்சு."

"நல்லா இல்லையாண்ணே?"

"நல்லா இருக்கறதுதாம்மா இப்ப தொல்லையே" என்றார் அவர்.

4

இந்த இடத்தில் ஒரு சிறு கட்டுரை வருகிறது. பிடிக்காதவர்கள் 5-க்குத் தாவிவிடலாம், கதை உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஒரு காலத்தில் கவிஞன் அரசவையில் இருந்தான். அரசன் வென்றால் பாடினான், தோற்றால் அது தோல்வியே அல்ல என்று பாடினான். பிறகு அரசர்களை இறக்குவதற்குப் பாடினான். அது நல்ல காலம், கவிதையைப் பார்த்துச் சிலராவது பயந்தார்கள். பிறகு மேடை வந்தது, கைதட்டல் வந்தது. பிறகு நாங்கள் வந்தோம். முந்நூறு பிரதி அச்சடித்து ஒருவருக்கொருவர் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொள்கிறோம். எங்கள் கவிதையால் ஒரு கேட் அடைத்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

அக்காவைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அவளும் ஒருவகையில் அரசவைக் கவிஞர்தான். பலகை நிறுவனத்துடையது, சாக்கட்டி நிறுவனத்துடையது, மேலே தொங்கும் எண்ணும் நிறுவனத்தின் பெருமை. அந்தப் பெருமைக்குக் கீழேதான் அவள் எழுதவேண்டும். எண் பொய்யானால்

[இந்த வாக்கியத்தை இங்கேயே நிறுத்திவிட்டேன். முடித்தால் கதையை முந்திக்கொண்டு ஓடிவிடும்.]

5

மாப்பிள்ளையை இப்போது அறிமுகப்படுத்தவேண்டும். உண்மையில் அவன் அங்கே யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. பஞ்சிங் மெஷினில் ஒப்பந்த ஊழியன். கல்யாணமான மூன்றாம் நாளே, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து நின்றான். அன்றிலிருந்து மேனேஜர்வரை எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான்.

அந்தப் "பத்து" வாசகம் பலகையில் ஒரு வாரம்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை அதை விடவில்லை. தினமும் மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது டைம் ஆபீஸ் ஜன்னலில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "பத்துக்கா!" என்று சத்தம் போட்டுவிட்டுப் போவான். அவளும் நிமிராமலே, "சரி, ஓடு" என்பாள். ஏழு மாதம் இப்படி நடந்தது. (இதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.)

பஞ்சிங் மெஷின் என்றால், அட்டையை உள்ளே வைத்ததும் ஒரு பெரிய தகடு வந்து மூடித் திறக்கும். அட்டை, பெட்டியின் வடிவத்தில் வெட்டுப்பட்டு வரும். தகட்டுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். அது கை படாதபோதும் அடிக்கடி நின்று தொலைத்தது. ஆர்டர் அவசரத்தில், பெட்டிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் கம்பியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டார்கள். நான்கு மெஷினிலும் அப்படித்தான். யார் கட்டியது என்று கேட்டால் எல்லாரும் சேர்ந்து கட்டியது, எல்லாரும் பார்த்தது.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, சிக்கிக்கொண்ட ஒரு துண்டு அட்டையை எடுக்க மாப்பிள்ளை கையை நீட்டினான். இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

பலகையில் அன்று எண் 212.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கேட்டுக்கு வந்தபோது பலகையில் 213 தொங்கியது.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்னம்மா, தினமும் ஒண்ணு ஏத்தறதுதான?"

"நேத்து மாப்பிள்ளைக்கு..."

காவலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு முந்தின நாள் வேலை இரண்டு மணியோடு முடிந்திருந்தது. மூன்றரைக்கு நடந்தது அவர் காதுக்கே போகவில்லை. "எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். தகட்டைக் கழற்றக் கையைத் தூக்கினார். அதற்குள் முதல் ஷிப்ட் வந்துவிட்டது. இருநூறு பேர் 213-ஐப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

6

பாதுகாப்பு அதிகாரியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் எழுத்துப்படியில் அவரை ஒரு வில்லனாக எழுதியிருந்தேன். பருத்த உடம்பு, மேசைமேல் குளிர்ந்த தண்ணீர், பேசும்போது நகத்தைப் பார்க்கும் பழக்கம். எழுதச் சுகமாகத்தான் இருந்தது. பிறகு நேரில் பார்த்தேன். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியின் காலில் நூல் சுற்றியிருக்கிறார். மாப்பிள்ளையை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே அவர்தான். வழியெல்லாம் அந்தக் கையைத் தன் மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். வில்லனை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இப்போது அவரை வெறுக்க முடியவில்லை, அது கதைக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சல் தெரியுமா?

அவர் வெள்ளிக்கிழமை அக்காவைக் கூப்பிட்டார்.

"எண் ஏறிடுச்சும்மா. ஏறினது ஏறினதா இருக்கட்டும்."

"அது தப்பு சார்."

"தப்புதான். இருநூத்தம்பது நாள் முடிஞ்சதும், நம்மகிட்ட பெட்டி வாங்குற பெரிய கம்பெனிக்காரங்க சோதனைக்கு வராங்க. இப்ப சைபர்னு மாட்டினா ஆர்டர் போயிடும். ஆர்டர் போச்சுன்னா மூணாவது ஷிப்டையே மூடிருவாங்க. இருநூறு பேரும்மா. நீங்கதான அவங்க பேரெல்லாம் எழுதுறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"மாப்பிள்ள?"

"அவன் நம்ம பதிவேட்டுல இல்ல. கான்ட்ராக்டர் நோட்டுலதான் கையெழுத்து போடுறான். ஆனா நான் பேசிட்டேன். ஆறினதும் ஸ்டோர்ல ஒரு வேலை, மெஷின் பக்கமே போகவேண்டாம். விஷயம் பெருசாகாம இருந்தா அது நடக்கும்." பிறகு, "திங்கக்கிழமை ஏதாவது நல்லதா எழுதுங்க. எல்லார் மனசும் விட்டுப்போயிருக்கு. உங்க வரியப் பாத்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

7

சனிக்கிழமை மதியம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பொதுவார்டில் ஜன்னலோரக் கட்டில். மாப்பிள்ளை இடது கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் கையைப் பார்க்காமலே பேசினார்கள்.

"சாப்டியா?"

"ஆச்சுக்கா."

"வலி?"

"ஊசி போடுறப்ப இல்ல." பிறகு அவனே சொன்னான்: "அக்கா, திங்கக்கிழமை என்ன எழுதப் போறீங்க?"

அவள் தண்ணீர் பாட்டிலை அவன் வலது பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"என்னப் பத்தி எதுவும் எழுதிடாதீங்கக்கா. ஸ்டோர் வேல தரேன்னு சார் சொல்லிருக்காரு. போர்டுல ஏறிடுச்சுன்னா ஊருக்கே தெரிஞ்சிடும், அப்புறம் என்னை யாரு உள்ள விடுவா?"

"அந்த வரிய நான் எழுதாம இருந்திருக்கலாம்டா" என்றாள் அவள்.

"எந்த வரி? பத்தா? அட போங்கக்கா. ஏழு மாசம் அத சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அது இல்லன்னா இன்னும் முன்னாடியே போயிருக்கும்."

அவன் அப்படிச் சொன்னதற்காக இந்தக் கதையில் நான் அவனை அதிகம் நேசிக்கிறேன். கவிதைக்காரர்களாகிய நாங்கள் எழுதிய எதையாவது ஒருவன் ஏழு மாதம் உடம்பில் வைத்துக்கொண்டு திரிந்தானா என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை சீக்கிரமே முடிந்துவிட்டது.

அவன் மனைவி படிக்கட்டுவரை வழியனுப்ப வந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், இறங்கப்போன அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எழுதுங்கக்கா."

"அவன் வேண்டாங்கறானேம்மா."

"அவரு பயப்படறாரு. பயப்படட்டும். ஆனா ஒண்ணுமே நடக்காத மாதிரி அந்தக் கேட்டு தொறந்து மூடினா எனக்குத் தாங்காதுக்கா. அவரு பேரு வரக்கூடாது. அவருக்குக் கெடுதல் வரக்கூடாது. ஆனா எழுதுங்க."

இதுதான் சிக்கல். இனி இந்தக் கதையில் வேறு சிக்கல் வராது. எண் பொய் சொல்கிறது. அதற்குக் கீழே அவள் எழுதியாகவேண்டும். உண்மையை எழுதினால் அவனுக்கு வேலை போகும், எழுதாவிட்டால் அவளே அந்தப் பொய்க்கு அலங்காரம் செய்தவளாகிவிடுவாள்.*

* "எழுதாதீங்க" என்று அவன் கேட்டுக்கொண்டதை நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஊரை மறைத்தேன், பெயர்களை எடுத்தேன், மெஷினைக்கூடக் கொஞ்சம் மாற்றினேன். அது போதுமா என்று தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டபோது, "இப்ப பரவால்ல சார், எழுதுங்க. யாரு படிக்கப் போறா?" என்றான். என் மனது புண்படக்கூடாதென்று கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

8

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள், அடித்தாள். கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? பழைய வாசகம் ஏதாவது ஒண்ண எழுதிட்டு வா."

"சரி" என்றாள்.

பத்து நிமிடம் கழித்து அவரே, "எங்க, காட்டு" என்று தாள்களை வாங்கினார். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்துப் பழகிய மனிதர். அடித்த வரிகளையும் விடாமல் படித்தார். ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார்.

"இதுல கோவம் இருக்கு, அவன் மாட்டிக்குவான். இது யாருக்கு வேணா எழுதினது, உப்புச்சப்பு இல்ல. இதுல நீதான் இருக்க, அவன் இல்ல."

"அப்ப எழுதவே வேண்டாமா?"

"நான் எங்க அப்படி சொன்னேன்? எழுதாம விட்டுட்டு நீ வீட்டுல இருந்தா உன்கூட மனுஷன் இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த சட்டைகளையும் மடிக்கப் போய்விட்டார்.

அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். அந்தத் தாள்களை என்னிடம் காட்டினாள். நாற்பத்திரண்டு முயற்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல் போயிருக்கும், அல்லது இடம் மாறியிருக்கும். யார் மனதும் புண்படாமல், யாரையும் காட்டிக்கொடுக்காமல், பொய்யும் சொல்லாமல் இரண்டு வரி. நாற்பத்திரண்டாவதையும் அடித்திருக்கிறாள். பலகையில் எழுதியது எதுவோ, அது அந்தத் தாள்களில் இல்லை என்றாள்.

9

இப்போது திங்கட்கிழமை. எனக்குத் தோன்றிய முடிவுகள்:

(அ) அவள் 216-ஐக் கழற்றிவிட்டு சைபரை மாட்டுகிறாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறாள். கூட்டம் கைதட்டுகிறது. இதை எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்பெல்லாம் சரிதான். மறுநாள் மாப்பிள்ளையிடம் போய் ஸ்டோர் வேலை இல்லையாம் என்று யார் சொல்வது? சிலிர்த்த ஆசாமி போகமாட்டான்.

(ஆ) அவள் பயந்து, கையுறை அணிவோம் என்று எழுதுகிறாள். எழுதவைத்துப் பார்த்தேன். இரண்டாவது சொல்லில் சாக்கட்டி உடைந்தது. கதாசிரியனுக்கு வழி தெரியாதபோது பொருள்கள் தாமாக உடைவது மட்டமான உத்தி. எடுத்துவிட்டேன்.

(இ) பலகையைத் துடைத்து வெறுமையாக விட்டுவிடுகிறாள். என் கவிஞ நண்பர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மௌனத்தைவிடப் பெரிய கவிதை உண்டா என்றார் ஒருவர், கண் கலங்கியபடி. அக்காவிடம் போய்ச் சொன்னேன். "வெறும் போர்டா விட்டா நான் லீவுன்னு நினைப்பாங்க சார்" என்றாள்.

10

நடந்ததில் எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான். பெட்டிகளைச் சாக்காக வைத்துப் பதினொரு தடவை அந்தத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேகரித்தேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் காவலாளி 216 என்று மாட்டினார். ஆறு இருபதுக்கு அக்கா வந்தாள். ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, காயும்வரை நின்று, எழுதினாள். இரண்டு வரி.

முதலில் வாசித்தது மாப்பிள்ளையின் மனைவி. ஆஸ்பத்திரிச் சீட்டை டைம் ஆபீஸில் கொடுக்க வந்திருந்தாள். வாசித்துவிட்டு நெடுநேரம் நின்றாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைத் தன் கையால் மெல்லத் தட்டிவிட்டாள்.

ஏழு மணிக்கு ஓடவேண்டிய மெஷின்கள் அன்று ஏழு பதினொன்றுக்கு ஓடின. அதுவரை முதல் ஷிப்ட் முழுக்க கேட்டருகே நின்றது. அன்றைய பதிவேட்டைப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்தில், ஒருவர்கூடத் தாமதம் இல்லை.

மெஷினைப் போடுவதற்குமுன் நான்கு தடுப்புக் கம்பிகளிலும் கட்டியிருந்த பட்டைகளை யாரோ அறுத்தார்கள். யார் என்று கேட்டால், கட்டியவர்கள்தான். அதிகாரி வெளியே வந்தார். பலகையை ஒருமுறை வாசித்தார், மறுபடி வாசித்தார். அழிக்கச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனார். மறுநாள் காலை எண் 1 என்று இருந்தது. காவலாளி மாற்றினார். இந்த முறையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முழு வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டோர் வேலை கிடைக்க மாப்பிள்ளைக்கு நான்கு மாதம் ஆயிற்று. இன்னமும் கான்ட்ராக்டர் நோட்டில்தான் கையெழுத்துப் போடுகிறான். பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், எண்ணைப் பார்த்து என்னவோ கேட்டார்கள், என்னவோ பதில் சொல்லப்பட்டது. மூன்றாவது ஷிப்ட் ஓடுகிறது.

சரி, அந்த இரண்டு வரி என்ன?

எனக்குத் தெரியாது. அந்த வாரம் முடிந்ததும் பலகை துடைக்கப்பட்டது. கைபேசிகளை வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், ஆகவே படம் இல்லை. காவலாளியைக் கேட்டேன். "மனசுல இருக்குது சார்" என்றதோடு சரி. பேக்கிங்கில் வேலை செய்யும் பெண்ணைக் கேட்டேன். "அது எங்களுக்கு எழுதினதுங்க" என்றாள். மாப்பிள்ளைக்கு அதைச் சொன்னது அவன் மனைவி.

"நல்லா இருந்துச்சு சார்" என்றான்.

"என்ன எழுதியிருந்தாங்க?"

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்ல?"

அறுநூறு பேர் ஒரு கவிதையை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறார். அச்சாகாத, கையெழுத்திடப்படாத, பெயர்கூட இல்லாத இரண்டு வரிக்கு இப்படியொரு காவல். எந்த அரசவையில் எந்தக் கவிஞனுக்கு இது கிடைத்தது? சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அன்று பேருந்தில் திரும்பும்போது அழுதேன்.

கடைசியாக அக்காவையே கேட்டேன். கதைக்கு வேண்டும் என்றேன். கதை அது இல்லாமல் முடியாது என்றேன். கொஞ்சம் கெஞ்சவும் செய்தேன்.

"உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு இல்ல சார்" என்றாள். "அங்க நின்னு படிச்சாத்தான் அதுக்கு அர்த்தம். புஸ்தகத்துல போட்டா அது சும்மா ரெண்டு வரி. நீங்க கவிஞர்தானே, உங்களுக்கு வேணும்னா நீங்களே எழுதிப் பாருங்க."

எழுதிப் பார்த்தேன். முப்பத்தொரு தடவை. ஒன்றில் கோபம் இருந்தது, அவன் மாட்டிக்கொள்வான். ஒன்று உப்புச்சப்பில்லாமல் இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் நான்தான் இருந்தேன்.

ஆகவே உங்களிடம் தருகிறேன். விதிகள் உங்களுக்குத் தெரியும். இரண்டு வரி, ஏழு தப்படிக்குள் வாசித்துவிடவேண்டும். அவன் பெயர் வரக்கூடாது. பொய்யும் கூடாது. மேலே 216 தொங்குகிறது. பலகை காய்ந்துவிட்டது, தெருமுனையில் ஒரு பெண் கையில் சீட்டோடு வந்துகொண்டிருக்கிறாள், முதலில் அவள்தான் வாசிக்கப்போகிறாள். எழுதுங்கள்.

எழுதிவிட்டால் என்னிடம் காட்டவேண்டாம்.